நாலு மூலைப் பூட்டு

"பூட்டாமத்தான் வந்தியா?"

கன்டெய்னர் ஏற்றி இறக்கும் யார்டின் வாசலில் நின்ற பாதுகாப்பு அதிகாரி கேட்டார். ஆமாம் என்று டிரைவர் தலையை ஆட்டினார்.

லாரி முதுகில் இருந்தது இருபது டன் கன்டெய்னர். அதை வண்டியோடு பிடித்து வைப்பது நாலு மூலையிலும் உள்ள நாலு பூட்டுகள்தான். கைப்பிடியைத் திருப்பினால் போதும், ஒரு நிமிஷ வேலை. அந்த நாலையும் திறந்து போட்டுக்கொண்டு பாலத்து வளைவில் இறங்கி வந்தவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

அதிகாரி லேசுப்பட்ட ஆள் இல்லை. யார்டில் அவருக்குப் பட்டப்பெயரே 'நாலு பூட்டு'. எதிரே வருகிறவனிடம் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் பூட்டு போட்டாச்சா என்றுதான் கேட்பார்.

அத்தனை டிரைவர்களையும் கூப்பிட்டு, இவரை நடுவில் நிறுத்தி, வாங்கு வாங்கென்று வாங்கினார். வளைவில் சாய்ந்தால் பெட்டி மட்டும் கழன்று விழும், வண்டி கவிழாது, நாம் தப்பித்துவிடலாம் என்கிற நப்பாசையில்தானே திறந்து போடுகிறாய்? விழுகிற பெட்டி பக்கத்தில் பைக்கில் போகிறவன் மேல் விழுந்தால்? அவன் உயிர் என்ன கிள்ளுக்கீரையா?

நியாயமான கேள்வி.

டிரைவரின் நுழைவு அட்டையையும் அதிகாரி பிடுங்கிக்கொண்டார். அது இல்லாமல் எந்த யார்டிலும் லோடு கிடைக்காது. பதினாறு வருஷமாக ஓட்டுகிறவர். வேறு தொழில் தெரியாது. வீட்டில் படிக்கிற வயசில் இரண்டு பெண்கள்.

அறைக்குள் கூப்பிட்டபோது அதிகாரியின் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இத்தனை வருஷம் ஒழுங்காகப் பூட்டியவனுக்கு இந்தப் புத்தி யார் கொடுத்தது, பேரைச் சொல், அட்டையை இப்போதே தருகிறேன் என்றார்.

மேஜை மேல் இருந்த அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார் டிரைவர்.

"யாருக்காகய்யா இப்படி மூடி மறைக்கிற? உன் பிள்ளைங்களை நினைச்சுப் பாரு."

"வேணாம் சார். திறந்தது நான்தானே. அட்டை போனா போகட்டும்."

"அவன் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லுவான். எவனாவது செத்தா உனக்கு நிம்மதியா தூக்கம் வருமா?"

அது சுருக்கென்று தைத்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார் டிரைவர்.

"உங்க பையன் சார்."

அதிகாரியின் மகனும் லாரிதான் ஓட்டுகிறான், வேறு கம்பெனியில். படிப்பு ஏறாமல், அப்பா பேச்சை மீறி ஸ்டியரிங்கைப் பிடித்தவன்.

அதிகாரி விருட்டென்று எழுந்தார். அவனை இன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"அவனைத் திட்டாதீங்க சார்," என்றார் டிரைவர் மெதுவாக. "முதல் நாள் வண்டி எடுத்தப்போ பூட்டைத் திறந்து போடு, பெட்டி விழுந்தாலும் நீ தப்பிச்சுடுவேன்னு நீங்கதான் அவன்கிட்ட சொன்னீங்களாம். பூட்டைப் பத்தி உங்களைவிட யாருக்கு சார் தெரியும்? சொந்தப் பிள்ளைக்கே சொல்லியிருக்கீங்கன்னா அதுதான் உண்மையா இருக்கும்னு நானும் நம்பிட்டேன்."

அதிகாரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே நிற்கிறவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மேஜை மேல் இருந்த அட்டையை டிரைவர் பக்கம் நகர்த்தினார்.

போனில் மகன், "என்னப்பா?" என்றான்.

"வண்டியை ஓரமா நிறுத்துடா. இறங்கிப் போய் நாலு பூட்டையும் போடு. அன்னைக்கு நான் உன்னை மட்டும்தான்டா நினைச்சேன்."