கொடியின் முதுகு

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தாள்.

எப்படிப் பார்த்தாலும் சுவரில் இருந்தது அவள்தான்.

நீல முக்காடு, கையில் குழந்தை, தலையைச் சுற்றிப் பன்னிரண்டு நட்சத்திரம். எல்லாம் மாதாவுக்கு உரியவை. முகம் மட்டும் அவளுடையது. சிரிக்கையில் எட்டிப் பார்க்கும் தெத்துப்பல் முதற்கொண்டு.

எந்த ஊரில் மாதாவுக்குத் தெத்துப்பல்?

தெருமுனையில் சின்னக் கோயிலாகக் கட்டிய புதுக் குருசடியை மந்திரிக்க வந்த சாமியார் தண்ணீர் தெளித்து முடிக்கிற வரைக்கும்கூட எங்களுக்குப் பொறுமையில்லை. ஒரு கண் சுவரில், ஒரு கண் அவள்மேல்.

வரைந்தவன் ஜெனிஸ்டன். கோயிலுக்குப் பின்தெரு. கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். வயது இருபத்தாறு.

அவளுக்கு ஐம்பத்து மூன்று.

இதையெல்லாம் முடிச்சுப் போடுவது எங்கள் வேலையில்லை. போட்டோம்.

"மாமா வரைஞ்ச கொடியப் பாத்துதான் வரைஞ்சேன் மாமி," என்றான் அவளிடம். "பள்ளிக்கூடம் படிக்கையிலேருந்து பாக்கேம்லா. அந்த முகந்தான் என்னைய இதுக்கு இழுத்துட்டு வந்தது."

மாமா என்றது அவள் புருஷன் மரியலூயிஸை. முப்பது வருஷமாகத் திருவிழாக் கொடியில் மாதாவை வரைகிறவர். அவருடைய மாதாவுக்குக் கிளிமூக்கு, சின்ன வாய். பல் தெரியாது. நாங்கள் பார்க்காத கொடியா?

குழம்பிப்போனோம்.

எங்களைவிடக் குழம்பியவர் மரியலூயிஸ். படத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? அவள் அவரோடு பேசிப் பதினோரு வருஷம்.

காரணம் ஊருக்கே தெரியும். ஒரு கொடியேற்றத்தில் யாரோ விளையாட்டாக, "அண்ணாச்சி, மாதாவுக்கு எங்க மைனி சாடைல்லா இருக்கு," என்றார்கள்.

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தத் தெத்துப்பல்லையா கொடில ஏத்துவேன்?"

அந்த யாரோ நான்தான். அது இப்போது எதற்கு?

அன்றைக்கு மூடியது அவள் வாய். சோறு போடுவாள், சட்டை துவைப்பாள், பேச மாட்டாள். யாரிடமும் சிரிக்கவும் மாட்டாள். சிரித்தால் தெரியுமே.

குருசடிப் படத்தில் இன்னொன்றும் உறுத்தியது. குழந்தை வலக்கையில் இருந்தது. கொடியில் எப்போதும் இடக்கை.

"பாத்து வரைஞ்சேன்னு சொல்லுத, கைய மாத்திட்டியேல?" என்று ஜெனிஸ்டனிடம் கேட்டுவிட்டேன்.

"எங்க மொட்டமாடிலேருந்து பாத்தா அப்டித்தான் மாமி தெரியும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு நடந்த வேகம் அப்படி.

எங்கள் மாடியிலிருந்து அவர்கள் முற்றம் தெரியும். நான் துணி காயப்போடத்தான் போனேன்.

மூன்று தடவை.

மந்திரித்த துணியைக் குப்பையில் போடக்கூடாது. அதனால் இறக்கிய கொடியெல்லாம் வரைந்தவர் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு வந்துவிடும். இத்தனை நாள் அவள் அதைத் தொட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கயிற்றில் போட்டாள்.

திருப்பிப் போட்டாள்.

மெல்லிய வெள்ளைத் துணி. முதலில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தில் ஒரு முகம் வரைந்திருக்கிறார். அது ஊறி மறுபக்கம் போய்விட்டது. அதன்மேல் கெட்டியாகப் பூசிக் கிளிமூக்கு மாதாவை வைத்திருக்கிறார். முகப்பில் நின்று கும்பிடுகிற எங்களுக்கு அந்த மாதா. திருவிழா மாதம் முழுக்க மேற்கேயிருந்து கச்சான் காற்று. கொடி திரும்பவே திரும்பாது. பின்தெருக்காரன் பார்த்து வளர்ந்தது முதுகுப்பக்கம்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஏறியவை பதினோரு கொடிகள்.

பதினொன்றிலும் தெத்துப்பல்.

ஒவ்வொன்றிலும் அவளுக்கு ஒரு வயது கூடியிருந்தது.

கயிற்றுக்கு அடியில் வெகுநேரம் நின்றாள். என் கையிலிருந்த ஈரத்துணி காய்ந்தே போனது.

சாயங்காலம் மரியலூயிஸ் வந்தார். கயிற்றைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த மாதத் திருவிழாவுக்கான புதுத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். ஆணி ஒன்றும் நேராக இறங்கவில்லை.

அவள் நாற்காலியைத் தூக்கிவந்தாள். அவருக்கு எதிரே, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பம் கண்ணாடி போட்ருக்கேன். அதையும் சேத்து வரைங்க."

சுத்தியல் கீழே விழுந்த சத்தம் என் மாடிவரை கேட்டது.

கொடியேற்றத்தன்று கோயில் முகப்பில் ஆளில்லை. ஊரே பின்தெருவில். விஷயம் எப்படிப் பரவியதோ, கர்த்தருக்கே வெளிச்சம். ஜெனிஸ்டன் வீட்டு மொட்டைமாடியில் முதல் வரிசையில் நான்.

முகப்பில் சாமியார், கயிறு இழுக்கிற நாலு பேர், மரியலூயிஸ். ஒரு முழம் தள்ளி அவள்.

கொடி மேலே போனது. விரிந்தது.

அன்றைக்கென்று பார்த்துக் காற்று மாறி அடித்தது.

எங்கள் பக்கம் திரும்பியது கிளிமூக்கு மாதா. இடக்கையில் குழந்தை, இறுக மூடிய வாய்.

கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குனிந்து, கோயிலின் பக்கச் சந்து வழியாக முகப்பைப் பார்த்தேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு அண்ணாந்தாள்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது, பல்.