மேடையில் சொன்ன பெயர்

செம்ஹார் அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுதாள்.

கோத்தன்பர்க் துறைமுகத்தைப் பார்த்த அந்தக் கண்ணாடி அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. மேடையில் அவள் தன் மொழியில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற அபெபா அதை ஸ்வீடிஷில் சொன்னாள். படகு. இருட்டு. கையை விட்டு நழுவிப்போன நாலு வயதுப் பையன்.

அதற்கப்புறம்தான் சமையற்கூடத்துக்கு முதலீடு கேட்கும் பேச்சு. எரித்ரியாவிலிருந்து வந்த எட்டுப் பெண்கள் சேர்ந்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார்கள். இன்று முதலீடு கிடைக்காவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். எட்டுப் பேரும் பழையபடி ஓட்டல் கழிவறை கழுவப் போக வேண்டும்.

எதிரே நடுவர்கள். போட்ட பணத்துக்கு லாபமும் வர வேண்டும், உலகமும் திருந்த வேண்டும் என்று நினைப்பவர்கள். உண்மையிலேயே நல்லவர்கள், வயிற்றெரிச்சலே அதுதான்.

அவர்களில் ஸ்டாஃபன் என்பவர், நிகழ்ச்சிக்கு முன்பே ஏலக்காய் பன்னைக் கடித்துக்கொண்டு அபெபாவிடம் மனம் விட்டுப் பேசினார்.

"போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க. ஏதோ சாப்பாட்டு வியாபாரம், இதே மாதிரி படகு. புள்ளையப் பறிகொடுத்ததைக் கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரி சொல்றாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. எனக்கு மனசே ஒட்டல. உங்க ஆளையாவது மனசத் திறந்து பேசச் சொல்லுங்க."

அபெபா தலையாட்டினாள்.

இப்போது கேள்வி நேரம். நடுவர்களில் மூத்தவரான கேர்ஸ்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. புள்ளையோட பேரு என்ன?"

அபெபா அந்தக் கேள்வியைத் தங்கள் மொழியில் சொன்னதும் செம்ஹாரின் அழுகை சட்டென்று நின்றது. பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு ஒப்பாரி போல இழுத்தாள்.

"ஐயோ அக்கா, உன் புள்ள பேரை நீ எனக்குச் சொல்லவே இல்லியே! நான் என்னத்தைச் சொல்ல?"

அந்த மொழி அங்கே வேறு யாருக்கும் தெரியாது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. ஸ்டாஃபன் தலை குனிந்துகொண்டார்.

போன வருடம் இதே மேடையில் மரம் மாதிரி நின்று தோற்றவள் அபெபாதான்; ஸ்டாஃபனுக்கு அவள் முகம்கூட நினைவில்லை. அழத் தெரியாதவள் அல்ல, அழுது தீர்த்தவள். இந்தத் தடவை கதையைச் செம்ஹாருக்குக் கொடுத்துவிட்டாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தாள். பெயரை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. போன வருடம் அவளிடம் யாரும் அதைக் கேட்கவுமில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். மகனின் பெயர் அபெபாவின் வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். அந்த இரவிலிருந்து மறக்க முடியாத இன்னொரு பெயர் வாயில் வந்து விழுந்தது.

"சாமுவேல்."

அரங்கம் அதை மெல்லத் திருப்பிச் சொன்னது.

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து வெளியே போய்ப் பேச வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கேர்ஸ்டின் மேடையேறிச் செம்ஹாரைக் கட்டிக்கொண்டார். ஸ்டாஃபன் மைக்கை வாங்கினார். சமையற்கூடத்துக்கு முதலீடு உறுதி என்றார். இது போன்ற பெண்களுக்காகவே அடுத்த மாதம் புதிதாக ஒரு நிதி தொடங்குகிறார்களாம். அதற்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைக்கப் போகிறார்களாம். சாமுவேல் நிதி.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"என்னக்கா சொல்றாங்க?" என்று கேட்டாள் செம்ஹார்.

"கெடச்சிருச்சு," என்றாள் அபெபா. மீதியை அவள் மொழிபெயர்க்கவில்லை.

ஒன்றும் ஆகாது என்று சிரித்தபடி, பையனைத் தூக்கி அந்தப் படகில் உட்கார வைத்த ஆள்கடத்தல் தரகனின் பெயர் சாமுவேல்.