காயாத குண்டு

தொண்ணூற்றாறாம் வருஷம் பாளையம்பட்டி பலசரக்குக் கடை சரஸ்வதிக்கு தேய்ந்த இடுப்பு மூட்டெலும்பை எடுத்துவிட்டு ஸ்டீல் குண்டு பொருத்தினார்கள். நடக்கும்போது குண்டு உரசாமலிருக்க உள்ளே ஈரப்பசை எவ்வளவு நிற்கும் என்று, மெட்ராஸில் படித்த மகன் மாதவன் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டான்.

“இடுப்புக்கு எண்ணெய் விடுற மிஷினாய்யா?” என்றேன், அவனுக்கு அத்தை முறையான நான்.

“அம்மா வலியில்லாம நடக்கணும்த்தே.”

கணக்கு முடியுமுன் அவள் போய்ச் சேர்ந்தாள். காடாற்றன்று பால் தெளித்து எடுத்த எலும்பை ராமேஸ்வரத்தில் கரைத்தவன், சாம்பலில் கிடந்த குண்டை மட்டும் அவள் படத்தின் கீழ் வைத்துக்கொண்டான். தினமும் துடைக்கிறான். மறுநாள் காலையில் ஈரமாக இருக்கிறது. தொட்டுப் பார்க்காமல் நான் விடுவேனா? வழவழவென்றிருந்தது.

“நீயே எண்ணெய் விட்டியாய்யா?”

“இல்லத்தே. நடந்தாத்தான் இதுல ஈரம் நிக்கும். சும்மா இருந்தா காஞ்சிரும்,” என்றான், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. “அம்மா நடக்குது. வலிக்குதான்னுதான் இது சொல்ல மாட்டேங்குது.”