டீ டப்பாவில் கொஞ்சம் சாம்பல்

"திருடறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

குரல் கேட்டதும் எனிட்டின் கையிலிருந்த தோட்டக் கரண்டி நழுவி விழுந்தது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது. அந்தக் கிராமத்து சர்ச்சின் சாவிக்கொத்தும் சட்டதிட்டங்களும் முரியல் கையில்தான். போதாக்குறைக்கு எனிட்டின் நாத்தனாரும் அவள்தான்.

எனிட் மண்டியிட்டிருந்தது சர்ச்சின் பின்பக்கத்து நினைவுத் தோட்டத்தில், மஞ்சள் ரோஜாச் செடிக்கு அருகே. அவள் கணவர் வில்ஃபின் சாம்பலைப் போன வசந்தத்தில் அங்கேதான் மண்ணோடு மண்ணாகச் சேர்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. பக்கத்தில் மூடி திறந்த ஒரு பழைய டீ டப்பா, அதற்குள் பாதிவரை சாம்பல்.

முரியல் குழியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். கையில் இருந்த பூஜாடியைப் புல்லில் வைத்தாள்.

"என் தம்பியைத் தோண்டி எடுத்து டப்பாவுல அடைக்கிறியா?"

"கத்தாதீங்க முரியல். சாகறதுக்கு முன்னால அவர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார். செய்யறேன்னு வாக்குக் குடுத்தேன். அதைச் செஞ்சுட்டுப் போயிடறேன்."

"என்ன கேட்டிருப்பான்னு எனக்குத் தெரியாதா? இங்க ஓடுற 'வை' ஆத்துல கரைக்கச் சொல்லியிருப்பான். தூண்டிலும் ஆப்பிள் சைடர் பாட்டிலுமா அந்தக் கரையிலயே கிடந்தவன்தானே. எங்க அப்பா, அம்மா, சித்தப்பா, எல்லாரும் இந்த மண்ணுல இருக்காங்க. இவன் மட்டும் மீனுக்குத் தீனியா போகணுமா?"

எனிட் டப்பாவை எடுத்துக் கோட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளை, எப்பவும் இழுத்துட்டு வருவியே அந்த நாய், பிக்கிள், அதையாவது இன்னிக்குக் கூட்டிட்டு வராம இருந்தியே. அதுவும் சேர்ந்து தோண்டியிருக்கும்" என்றாள் முரியல். 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று தோட்டத்துக் கதவில் பலகை மாட்டியதே அவள்தான். பிக்கிள் எப்போதும் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கும்.

எனிட் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முரியலுக்கு அது போதவில்லை. பாதிரியாரைக் கூப்பிட்டாள்.

பாதிரியார் ஹ்யூ, கடித்த சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார். நல்ல பிள்ளை. ஆனால் முரியலுக்குப் பயப்படும் அளவுக்கு ஆண்டவருக்குப் பயப்படுவாரா என்று ஊரில் பலருக்குச் சந்தேகம் உண்டு.

"மிஸஸ் ப்ராபர்ட், உங்க கஷ்டம் புரியுது" என்றார் எனிட்டிடம். "ஆனா இந்த மண்ணுல சேர்த்ததை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. பிஷப் உத்தரவு இல்லாம ஒரு சிட்டிகைகூட நகரக் கூடாது."

"அப்போ இதை நான் என்ன பண்றது ஃபாதர்?" எனிட் டப்பாவை நீட்டினாள்.

முரியல் எட்டிப் பார்த்தாள். "ஆறடி ஆள் அவன். இது ஒரு காலுக்குக்கூடக் காணாதே. மீதி எங்க?"

"அவர் கீழேதான் இருக்கார்."

"நல்லதாப் போச்சு" என்றார் ஹ்யூ, நிம்மதியாக மூச்சு விட்டபடி. "இதையும் அங்கயே போட்டு மூடிடலாம். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சும்மா கொட்டிட்டா ஆச்சா?" என்றாள் முரியல். "போன தடவை மாதிரி ஜெபத்தோட, முறையா நடக்கணும். இல்லன்னா நானே பிஷப்பைப் போய்ப் பார்ப்பேன்."

பாதிரியார் சாண்ட்விச்சைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே ஓடி, அங்கியும் ஜெபப் புத்தகமுமாகத் திரும்பினார். முரியல் டப்பாவை எனிட்டின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இந்தக் காரியத்தை இனி அவளை நம்பி விடுவதாக இல்லை.

ஜெபம் தொடங்கியது. ஒரு வரி விடாமல் வாசித்தார் ஹ்யூ. முரியல் முழங்கால் வலியையும் பார்க்காமல் மண்டியிட்டு, சாம்பலை மெதுவாகக் குழியில் சரித்தாள். டப்பாவின் அடியைத் தட்டி ஒட்டியிருந்ததையும் உதிர்த்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"நிம்மதியாத் தூங்குடா கண்ணா" என்றாள். "இனிமே உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க."

மண்ணைத் தள்ளி மூடி, கையால் அழுத்திச் சமப்படுத்தியதும் அவளே. ஆமென் சொன்ன சத்தத்தில் மணிக்கூண்டுப் புறாக்கள் பறந்தன.

"இனிமே இதை யாரும் எடுக்க முடியாதுல்ல ஃபாதர்?" என்று எனிட் கேட்டாள். "பின்னால எது தெரிய வந்தாலும்?"

"முடியவே முடியாது. ஜெபம் பண்ணி மண்ணுல சேர்த்தாச்சு."

"நல்லாக் காதுல வாங்கிக்கோ" என்றாள் முரியல். காலி டப்பாவை எனிட்டின் கையில் திணித்துவிட்டு, பூஜாடியை எடுத்துக்கொண்டு பாதிரியாரோடு நடந்தாள். பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது, தம்பியைக் காப்பாற்றிவிட்ட பெருமை.

சர்ச் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை எனிட் அசையவில்லை. பிறகு குனிந்து அந்த ஈர மண்ணைத் தடவிக்கொடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"கொஞ்சம் நகந்து படுங்க வில்ஃப், நம்ம பிக்கிள் வந்துட்டான்."