எக்ஸில் உட்கார்ந்திருந்த எண்

"இப்பவும் அதேதான் வருது டீச்சர். எக்ஸ் பிளஸ் ஒன் ஹோல் ஸ்கொயர்னு போட்டா, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் டூ எக்ஸ் பிளஸ் ஒன்னுல்லா வரணும்? இது தொண்ணூத்தஞ்சு புள்ளி பூஜ்யம் ஆறுங்குது" என்றான் ஷாம்.

ஏஞ்சலின் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கால்குலேட்டரை எட்டிப் பார்த்தாள்.

அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த செல்வினுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம். திங்கட்கிழமை மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். இருப்பதே இன்னும் இரண்டு நாள்தான். அதிலும் ஒரு மாலைப் பொழுதை ஏஞ்சலின் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியார் இந்த ஷாமுக்குத் தாரை வார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கால்குலேட்டர் அவன் வாங்கியதுதான். கணக்கு டீச்சரான மனைவிக்காக, போன தடவை கப்பல் ஏறும்போது சிங்கப்பூரில் வாங்கினான். கிராஃப் வரையும், எக்ஸ், ஒய் என்று எழுத்தை வைத்தே கணக்குப் போடும். ஏழு மாதம் தன் கேபினிலேயே பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தான். அது இப்படி ஒருத்தனை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வரும் என்று கனவா கண்டான்?

"முதல் நாளே சொன்னேன்லா டீச்சர். எக்ஸுக்குள்ள ஒரு நம்பர் உக்காந்திருக்கு. அதனாலதான் எக்ஸை எழுத்தாப் பாக்காம நம்பராவே எடுத்துக்கிடுது. பின்னால இருக்க பொடி ஓட்டையில குண்டூசிய வச்சு அமுக்கினா எல்லாம் அழிஞ்சு புதுசாயிரும். அரை நிமிஷ வேலை."

"ஐயோ, வேண்டாம் சார். இப்ப அழிக்க வேண்டாம்."

செல்வினின் கை நின்றது. அரை நிமிட வேலை. அதற்கு மூன்று சனிக்கிழமை. அவன் ஒவ்வொரு தடவையும் வருகிறான், இவள் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்கிறாள். ராட்டர்டாமில் செல்வின் ஆசையாக வாங்கிவந்த கோப்பையில் அவனுக்குத் தேநீர் வேறு. கட்டிய புருஷனுக்கு எவர்சில்வர் டம்ளர்.

ஷாம் இந்தப் பக்கம் திரும்பினான். "இந்தத் தடவை எத்தனை மாசம் அண்ணாச்சி? டீச்சர் பாவம், தனியா கெடந்து கஷ்டப்படுவாவ."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. அதிலும் இரண்டே வயது மூத்தவன் இவனுக்கு அண்ணாச்சியாம்.

"ஆறு மாசம்" என்றான் செல்வின், ஒரு புதுச் சட்டையில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே.

வெளியே குரல்கள் தணிந்தன. காது கொடுத்தான்.

"கேபிளுக்குச் சொல்லியிருக்கேன் டீச்சர். செவ்வாய்க்கிழமை வந்திரும்."

"அப்ப செவ்வாய்க்கிழமையே வாங்க சார். இவுக திங்கக்கிழமை போயிருவாக. இவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

அதற்கு மேல் செல்வினால் பொறுக்க முடியவில்லை. கப்பல் பாய் மாதிரி விரிந்து கிடந்த சட்டையைப் பெட்டிமேல் எறிந்துவிட்டு வந்தான். ஷாமின் கையிலிருந்த கால்குலேட்டரைப் பிடுங்கித் திருப்பினான்.

ஏஞ்சலின் பதறி எழுந்தாள். "ஏங்க, அதைத் தொடாதிய. குடுங்க இங்கன."

அவள் பதறப் பதற அவனுக்கு வெறி ஏறியது. கையிலிருந்த குண்டூசியை அந்தப் பொடி ஓட்டையில் வைத்து அழுத்தினான். திரை அணைந்தது. பிறகு வெள்ளையாக எரிந்தது. அவனே எக்ஸ் பிளஸ் ஒன் ஹோல் ஸ்கொயர் என்று தட்டினான். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் டூ எக்ஸ் பிளஸ் ஒன் என்று சமர்த்தாக விடை வந்தது.

"இந்தா, சரியாயிட்டு. இனிமே செவ்வாய்க்கிழமை யாரும் மெனக்கெட்டு வர வேண்டாம்."

ஷாம் அவனைப் பார்த்தான், ஏஞ்சலினைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், "வாரேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தெருமுனையில் அவன் பைக் சத்தம் ஓய்ந்தது.

"எதை ஒளிச்சு வச்சிருந்த அதுக்குள்ள?" என்றான் செல்வின்.

ஏஞ்சலின் கால்குலேட்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"நான் ஒண்ணும் ஒளிக்கல. நீங்க குடுக்கும்போதே உள்ள இருந்துச்சு. எக்ஸ்ல எட்டு புள்ளி ஏழு அஞ்சு. ஒய்ல எழுவத்தெட்டு புள்ளி ரெண்டு ரெண்டு. என்னன்னு புரியல. அட்சரேகை, தீர்க்கரேகையா இருக்குமோன்னு மேப்புல போட்டுப் பாத்தேன். நம்ம ஹார்பர் வந்துச்சு."

செல்வினின் விரலிலிருந்து குண்டூசி நழுவியது. அதையெல்லாம் அழிக்காமலே அவளிடம் கொடுத்திருக்கிறோம் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"கூடவே 'ஹோம்'னு பேர் போட்டு ஒரு லிஸ்ட். இருநூத்திப் பன்னெண்டு நம்பர். ஏழு மாசமும் வாட்ச் டூட்டி முடிஞ்சு வந்து, கப்பல் நிக்க இடத்துலேர்ந்து வீட்டுக்கு எத்தனை மைல்னு ஒரு நாள் விடாம போட்டுப் பாத்திருக்கிய. கேட்டா, சும்மா போட்டேன்னு சிரிச்சு மழுப்பிருவிய. அதான் கேக்கல" என்றவள், மூக்கை உறிஞ்சினாள். "நீங்க போன பொறவு எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கலாம்னு, அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கத்தான் கேபிள் கொண்டாரச் சொன்னேன்."