போனோடு வந்தவை

தங்கையின் போனை வாங்கிப் பார்த்ததுமே அக்காவுக்குக் கை பரபரத்தது.

தொட்டால் சாவகாசமாக யோசித்துவிட்டுத்தான் திறந்தது. திரையெல்லாம் குப்பை. யாரும் கேட்காமலே செய்தி சொல்கிற செயலி ஒன்று, மிட்டாய் உடைக்கிற விளையாட்டு மூன்று, போட்டோவில் முகத்தை வெளுத்துத் தர ஒன்று, வேண்டாத சாமானையெல்லாம் வாங்கு வாங்கு என்று நச்சரிக்க இரண்டு. எல்லாம் போன் செய்த கம்பெனிக்காரனே உள்ளே ஏற்றி அனுப்பியவை.

ஒன்றரை வருடமாக இவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கடையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே வைத்திருந்தாள்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை. காலாவதியான பெட்டிகளைப் பொறுக்கி வெளியே தள்ளுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கை மற்ற இடத்திலும் சும்மா இருக்காது. கூட வேலை பார்க்கிறவர்கள் புதுப் போன் வாங்கினால் பெட்டியைப் பிரித்த கையோடு அவளிடம்தான் நீட்டுவார்கள். பத்தே நிமிடத்தில் பாதியை நீக்கி, நீக்க முடியாததை முடக்கி, துடைத்துவிட்ட மாதிரி திருப்பிக் கொடுப்பாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் இன்று போனைக் கேட்டு வாங்கியது பேச்சுக் கொடுக்கத்தான்.

தங்கை நேற்றுக் காலை ஒற்றைப் பையோடு, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றாள். பத்து மாதம் கழித்து. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவள் முதலில் தினமும் பேசினாள். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் அதுவும் இல்லை. அக்காவாகக் கூப்பிட்டாலும் இரண்டே வார்த்தையில் கத்தரித்துவிடுவாள். இப்போதும் சமையலறை மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பதில் வந்தது. அதுவும் பட்டும் படாமலும்.

அம்மா போனபிறகு இவளைத் தூக்கி வளர்த்ததே அக்காதான். அவளிடம் அப்படி என்ன கோபம்? இன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று இருந்தாள்.

மிட்டாய்கள் போயின. செய்தி போனது. கடைகள் போயின. அடுத்ததாக விரல் ஒரு குடைப் படத்தின்மேல் நின்றது. ‘பாதுகாப்பு’ என்று பெயர் போட்டிருந்தது.

“அது மட்டும் இருக்கட்டும்க்கா.”

நேற்றிலிருந்து அவளாக வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். அக்காவுக்குச் சந்தோஷம்கூட வந்தது. இதில் அப்படி என்னதான் வைத்திருக்கிறாள் என்று திறந்தாள்.

உள்ளே ஒரு பட்டியல். ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு நேரம், ‘எனக்கு உதவி தேவை’ என்ற ஒரே வாக்கியம். யாருக்கு என்ற இடத்தில் ஏழிலும் ‘அக்கா’. பக்கத்தில் பச்சையாக ‘அனுப்பப்பட்டது’.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் கடை நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கினார்கள். தனக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. கடைப்பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்து எதையோ இணைத்தாள். பேச முடியாத நேரத்தில் ஓரத்துப் பொத்தானை நான்கு முறை அழுத்தினால் போதும், மற்ற போனில் மணி அடிக்கும் என்று பாடம் ஒப்பித்தாள். அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் போனில் முதல் வேலையாக முடக்கியது அதைத்தான்.

பேச முடியாத நேரம் இவளுக்கு ஏழு தடவை வந்திருக்கிறது.

மூன்றாவது வரியில் இருந்தது அக்கா மகனின் பிறந்தநாள். சாயங்காலம் ஆறு நாற்பது. ஒரு வாழ்த்துச் சொல்லக்கூட இவளுக்கு மனசு வரவில்லை பாருங்கள் என்று அன்றைக்குக் கணவனிடம் புலம்பித் தீர்த்தது நன்றாக நினைவிருந்தது.

ஏழாவது தேதி நான்கு மாதத்துக்கு முந்தியது. அதற்கப்புறம் அவள் அழுத்தவே இல்லை.

ஏழு தடவையும் அக்காவுக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் அவள் நாளை ஓட்டியிருக்கிறாள். போக வேறு இடமில்லாமல் கடைசியில் இங்கேயே வந்திருக்கிறாள். இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது அக்காவுக்கு.

“சத்தியமா எனக்கு ஒண்ணுகூட வரலடி. நான் அதை அன்னிக்கே எடுத்துட்டேன்.”

சொல்லும்போது அவள் காதுக்கே அது சாக்கு மாதிரிதான் கேட்டது. நம்பவைக்க வேண்டுமே என்று தன் போனை எடுத்து நீட்டினாள். அது பளிச்சென்று இருந்தது. அதில் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

தங்கை அதைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள். பத்து மாதமாகக் காணாத பிரியம் அந்த முகத்தில் திரும்பி வந்திருந்தது. எழுந்து வந்து, பூண்டு வாசனை படாமல் புறங்கையால் அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“விடுக்கா. உனக்கும் புருஷன், பிள்ளைன்னு இருக்குல்ல. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல.”