வடை எண்ணெயில் ஒரு வேன்

ஃபேரர் பார்க் உணவுக்கடையின் பின்சந்தில் டீசல் வேன் உறுமியபடி நிற்கிறது. அனுப்ரியா புதிதாகப் பொருத்திய பித்தளை வால்வு வெயிலில் மின்னுகிறது. வடை சுட்டு வடிகட்டிய எண்ணெய் ஆறினால் கெட்டிப்படும். எஞ்சின் முதலில் டீசலில் ஓடிச் சூடாகி அதை இளக்க வேண்டும். பிறகுதான் வால்வு டீசலை அடைத்து எண்ணெய்க்கு வழியை மாற்றும். எரியாமல் திரும்பும் மிச்சத்தையும் எண்ணெய்த் தொட்டிக்கே அனுப்பும். “இருக்கிறது ஒரே வேன். நின்னுச்சுன்னா கோயிலுக்குக் குடுக்கிற சாப்பாட்டத் தலையிலயா தூக்கிட்டுப் போவே?” என்கிறான் கணவன் நிதீஷ். “வாய மூடிட்டு சத்தத்தக் கேளு லா!” அனுப்ரியா வால்வின் கைப்பிடியைத் திருப்புகிறாள். எஞ்சின் இருமுகிறது, திணறுகிறது, சட்டென்று சீராகிறது. புகையில் வடை மணக்கிறது. அவள் துள்ளிக் குதிக்கிறாள். “அனு, நாளைக்கு மீன் பொரிச்ச எண்ணெய ஊத்திடாத!” என்று கத்துகிறான் நிதீஷ். “கோயிலுக்குப் போற வண்டி, சைவம் லா!” என்கிறாள் அவள்.